ஆயிரம் மடங்கு வித்தியாசம்

வஸீலாவுக்கு நிதானம் என்பது பிறவியிலேயே கிடையாது. அடுப்பில் ஆவியில் வேகும் கஸ்குஸு என்ற கோதுமை ரவைச் சோற்றை மூடியைத் திறந்து திறந்து பார்த்தே வேகவிடாமல் செய்துவிடுவாள் என்று அவளுடைய அம்மா குறைபட்டுக்கொள்வாள். பேசும்போது இரண்டு கையும் பேசும். நடந்தால் ஓடுகிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த வேலை, உலைக்குள் வைத்ததை வாரக்கணக்கில் தொடாமல் ஆறவிட்டுப் படிகம் வளர்க்கிற வேலை. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அவள் குடும்பத்தில் இல்லை.

பிறந்தது பாஸ்பேட் சுரங்க ஊரான மெத்லாவியில். அந்த ஊரில் பாஸ்பேட்டை யாரும் தேடிப் போகவேண்டியதில்லை. அதுவே வீடு தேடி வரும். கொடியில் காயும் துணியில் இருக்கும், ரொட்டியில் இருக்கும், கண் இமையில் இருக்கும். அப்பா லஸ்ஹர், கல்லைக் கழுவிப் பிரிக்கும் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அங்கே இயந்திரங்கள் போட்ட இரைச்சலில் அவருடைய காது பாதி போய்விட்டது. ஊரில் எல்லோருக்கும் பாஸ்பேட் என்றால் ரயில், சம்பளம், வேலைநிறுத்தம். வஸீலாவுக்கு மட்டும் அதற்குள் என்ன இருக்கிறது, எது எதோடு ஒட்டிக்கொண்டு கல்லானது என்ற கேள்விதான் சிறு வயதிலிருந்து அரித்தது. ஸ்ஃபாக்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தாள். அந்தக் கடற்கரை நகரத்திலேயே பள்ளிக்கூட ஆசிரியை ஆனாள். துறைமுகத்தில் மீன் வாங்கி உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்கும் கமைஸைக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் ஆய்வகத்துக்கு ஓடி, முனைவர் பட்டத்துக்காக ஒரு புதிய பாஸ்பேட்டைச் செய்துகொண்டிருந்தாள்.

அது சோடியமும் மாங்கனீசும் சேர்ந்த பாஸ்பேட். உலையிலிருந்து எடுத்தபோது வெளிறிய ரோஜா நிறத்தில், மீன் செதிலைப் போன்ற மெல்லிய தகடுகளாக இருந்தது. எக்ஸ்ரே என்னும் ஊடுகதிரைச் செலுத்தி அதன் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தாள். மாங்கனீசும் பாஸ்பரசும் ஆக்சிஜன்களால் கைகோத்துத் தாள் தாளாக அடுக்கியிருந்தன. பக்லாவா இனிப்பின் மாவுத் தாள்களுக்கு நடுவே பாதாம்பொடி இருப்பதுபோல, அந்த அடுக்குகளுக்கு நடுவே சோடியம் இருந்தது. அடுத்து, அந்தச் சோடியம் அயனிகள் இருந்த இடத்திலேயே கிடக்கின்றனவா, இல்லை அடுக்குகளுக்கு நடுவே நகர்ந்து மின்சாரத்தைச் சுமந்து போகின்றனவா என்று பார்க்கவேண்டும். படிகத்தூளை அழுத்தி மாத்திரை அளவில் வில்லையாக்கி, இரண்டு பக்கமும் வெள்ளி பூசி, கம்பி கொடுத்து அளந்தாள்.

வந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். அறை வெப்பத்திலேயே அயனிகள் அப்படி ஓடின. இந்த மாதிரி பாஸ்பேட்டுகளை நன்றாகக் காய்ச்சினால்தான் ஏதோ கொஞ்சம் அசையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்து மேசையில் இருந்த தோழி இக்பால் திரும்ப ஒருமுறை அளக்கச் சொன்னாள். வஸீலா பலமுறை அளந்தாள். எண் மாறவில்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சி ஸுஹைருக்கே முகம் மலர்ந்துவிட்டது. அவர் பெயருக்கு முன்னால் ‘சி’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்க்காமல் ஆய்வகத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. அவர் மலர்வதும் வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

அந்த மலர்ச்சி மஹ்தியாவில் நடந்த மாநாட்டில் உதிர்ந்தது.

வஸீலா மேடையில் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒல்லியான ஒருவர் எழுந்தார். கஃப்ஸாவில் ஒரு சிறிய ஆய்வகம் நடத்தும் மஹ்ரெஸ். முந்தைய வருஷ மாநாட்டில் அவள் சுவரில் ஒட்டிய விளக்கப்படத்தைப் படித்து, அதே முறையில் அதே பொருளைத் தானும் செய்து பார்த்ததாகச் சொன்னார். உள்ளமைப்பு அப்படியே ஒத்துப்போனதாம். அயனி ஓட்டம் மட்டும் அவள் சொன்னதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"உங்க படத்தையே பாருங்க மேடம்," என்றார். "சோடியத்தைச் சுத்தி நாலாபக்கமும் ஆக்சிஜன் நெருக்கிக்கிட்டு நிக்குது. அது எப்படி வெளிய வந்து ஓடும்? நீங்க வரைஞ்ச படமே நீங்க சொன்ன எண்ணை நம்பலையே. ஸ்ஃபாக்ஸ்காரங்க எதையும் நல்ல வெலைக்கு விப்பாங்கன்னு தெரியும். ஆனா ஒண்ணை ஆயிரமாக்கி விப்பீங்கன்னு தெரியாது."

அரங்கம் சிரித்தது. வஸீலாவுக்குக் காது மடல் சுட்டது.

"நான் மெத்லாவிக்காரி," என்றாள். "எங்களுக்குக் கல்லுதான் தெரியும், வியாபாரம் தெரியாது. உங்க வில்லை சரியா அழுத்தாம மாவா உதிர்ந்தா அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பதிலில் வேதியியல் எதுவும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். மஹ்ரெஸ் கேட்டது நியாயமான கேள்வி. உள்ளமைப்பு ஒன்றைச் சொல்கிறது, அளவு வேறொன்றைச் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

திரும்பி வந்ததும் சி ஸுஹைர் அந்த எண்ணை விட்டுவிடச் சொன்னார். படிக அமைப்பே ஒரு பட்டத்துக்குப் போதும், வம்பு எதற்கு என்பது அவர் கட்சி. பொருளுக்குள் எங்கேயாவது தண்ணீர் புகுந்திருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கும் வந்து, அதைச் சோதிக்கவும் சொல்லியிருந்தார். உலையிலிருந்து எடுத்த தூளைச் சூடாக்கி எடை பார்த்தார்கள். துளி எடை குறையவில்லை. தண்ணீர் இல்லை என்று அந்தக் கதவையும் சாத்தியாயிற்று. வஸீலா கேட்டது ஒன்றே ஒன்று: தன் வில்லையை மஹ்ரெஸின் கருவியிலேயே அளந்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"அவ்வளவு தூரம் சண்டை போடவா போறே?" என்றார்.

"ஆமா. ஒண்ணு அவரு தோக்கணும், இல்ல நான் தோக்கணும். ரெண்டுங்கெட்டானா என்னால இருக்க முடியாது."

தொலைபேசியில் மஹ்ரெஸ் மறுப்புச் சொல்லவில்லை. வில்லையை அவளே கையோடு கொண்டுவரவேண்டும் என்று மட்டும் சொன்னார். நடுவழியில் நான் மாற்றிவிட்டதாகப் பேச்சு வரக்கூடாது பாருங்கள் என்றார்.

பள்ளி விடுமுறை விட்டிருந்த ஜூலை மாதம். கமைஸ் கஃப்ஸா சந்தைக்குக் கணவாயும் சூடைமீனும் ஏற்றிப் போகும் நாளில் அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். உள்நாட்டு வெயில் கடுமையானது. வண்டியின் முன்பக்கம் ரொட்டிச் சூளை மாதிரி காயும். வெள்ளிப் பூச்சு பொரிந்து உரிந்துவிட்டால் வந்த காரியம் பாழ். அதனால் வில்லை இருந்த சின்ன டப்பாவைக் கொண்டுபோய்ப் பின்னால் பனிக்கட்டிப் பெட்டியில், கணவாய்களுக்கு நடுவே சொருகிவிட்டாள்.

கமைஸ் அதைப் பார்த்தான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

"உன் முனைவர் பட்டத்தையும் சேத்து எடை போட்டுடப் போறான் சந்தையில," என்றான். "பாத்துக்க."

மஹ்ரெஸின் ஆய்வகம், வெயிலுக்குப் பயந்து பலகைக் கதவுகளைச் சாத்திவைத்த ஒரே அறை. உள்ளே மின்விசிறி சுற்றியது. வெளியே காற்று காய்ந்து, உதட்டை நக்கினால் நக்கிய ஈரம் உடனே உலர்ந்தது. மஹ்ரெஸ் சூரியகாந்தி விதை கொறித்தபடியே வரவேற்றார். பேச்சு வளரவில்லை. வில்லையைக் கவ்விகளுக்கு நடுவே பொருத்திக் கருவியை ஓட்டினார்.

இந்த அளவீட்டில் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்து ஓர் அரைவட்டமாகச் சேரும். அரைவட்டம் சிறியதாக இருந்தால் அயனிகளுக்குத் தடை குறைவு, நன்றாக ஓடுகின்றன என்று அர்த்தம். பெரியதாக இருந்தால் முட்டி நிற்கின்றன.

புள்ளிகள் விழ விழ மஹ்ரெஸ் விதை கொறிப்பதை நிறுத்தினார். அரைவட்டம் கடுகு மாதிரி சின்னதாக வந்து நின்றது. வஸீலா ஸ்ஃபாக்ஸில் பார்த்ததைவிடவும் சிறியது. அவள் சொன்ன எண்ணைக் காட்டிலும் பத்து மடங்கு உசத்தி.

வஸீலா சந்தோஷத்தில் கைதட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான், இது தன் எண்ணும் இல்லையே என்று உறைத்தது. மஹ்ரெஸ் கம்பிகளைக் கழற்றி, மதிப்புத் தெரிந்த ஒரு மின்தடையை மாட்டிக் கருவியைச் சோதித்தார். கருவி சரியாக இருந்தது. வில்லையைத் திரும்பப் பொருத்தினார். இந்த முறை அரைவட்டம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அடுத்த முறை இன்னும் பெரிது. இருவரும் நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைமுன் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வட்டம் உப்பிக்கொண்டே போனது. வஸீலாவின் எண்ணைத் தொட்டது, தாண்டியது. வில்லையை லேசாகச் சூடுகாட்டி ஆறவைத்து அளந்தபோது மஹ்ரெஸ் சொன்ன இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் அசையவில்லை.

மஹ்ரெஸ் மறுபடி விதைப் பொட்டலத்தை எடுத்தார்.

"உங்களுக்கும் கொஞ்சம் வேணுமா?" என்று நீட்டினார். ஜெயித்தவருடைய உபசாரம் அது.

அந்த நேரத்தில்தான் மீனை விற்று முடித்துவிட்டு கமைஸ் கதவைத் தட்டினான். அவன் உள்ளே வந்ததும் கணவாய் வாசனையும் கூடவே வந்தது. மேசைமேல் திறந்து கிடந்த டப்பாவிலிருந்தும் அதே வாசனை அடிப்பதை அப்போதுதான் மஹ்ரெஸ் கவனித்தார். மூக்கைச் சுளித்து, இதை எதில் வைத்துக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். வஸீலா டப்பாவைக் கையில் எடுத்தாள். மூடியின் உள்பக்கம் இன்னும் சில்லென்று ஈரம் கோத்திருந்தது.

மூடியை விரலால் தடவினாள். பனிக்கட்டிக்குள் இருந்து வந்த வில்லை எல்லாவற்றையும் மிஞ்சி ஓடியது. கடற்கரையில் வாரக்கணக்காக மேசைமேல் கிடந்த வில்லை நன்றாக ஓடியது. இந்த வறண்ட ஊரில் காய்ந்த வில்லை முடங்கியது. எடை பார்த்தது எதை? உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த தூளை. அது காற்றையே பார்க்காத தூள். அதில் தண்ணீர் எப்படி இருக்கும்?

"தண்ணி," என்றாள்.

"அதானே," என்றார் மஹ்ரெஸ். "வெறும் தண்ணி. மேல ஒட்டின ஈரம். அதைத்தான் நீங்க படிகம்னு அளந்திருக்கீங்க."

ஒரு கணம் அவள் மஹ்ரெஸ் சொன்னதை நம்பிவிட்டாள். இரண்டு வருஷமாகத் துள்ளியதெல்லாம் ஈரத்துக்காகவா? ஆனால் அந்தக் கணம் நீடிக்கவில்லை. அவளுடைய கைகள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டன. மேலே ஒட்டிய ஈரம் என்றால் இந்த ஊர்க் காற்றில், அந்த விசிறிக்கடியில் சட்டென்று போயிருக்கவேண்டும். இதுவோ கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளிருந்து யாரோ ஒவ்வொருவராக வெளியேறுவதுபோலப் போனது. உள்ளே போயிருந்தால்தானே உள்ளிருந்து வரும்? நெருக்கமாக மூடிக் கிடக்கும் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தது என்றால், அடுக்குகள் விலகி வழி விட்டிருக்கவேண்டும். அவள் இதை மூச்சு விடாமல் சொல்லி முடிப்பதற்குள் மஹ்ரெஸின் கை விதைப் பொட்டலத்தை மறந்து, ஊடுகதிர்க் கருவி இருக்கும் மூலையைக் காட்டியது. அடுக்குகள் விலகியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

"கமைஸ், பனிக்கட்டி மிச்சம் இருக்கா?" என்றாள்.

"சின்னப் பெட்டியில கொஞ்சம் கெடக்கு. எதுக்கு?"

"எல்லாத்தையும் கொண்டா."

அதன் பிறகு அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. மஹ்ரெஸ் செய்து வைத்திருந்த காய்ந்த தூளை முதலில் ஊடுகதிரில் வைத்துப் பார்த்தார்கள். வரைபடத்தில் அடுக்கு இடைவெளியைச் சொல்லும் முதல் முகடு, இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது. பிறகு அதே தூளை ஒரு கண்ணாடி மூடிக்குள், பனிக்கட்டி உருகும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வஸீலா வழக்கப்படி மூடியைத் திறக்கப் போனாள். மஹ்ரெஸ் அவள் கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது தடவை போனபோது கமைஸே அவளை வெளியே அழைத்துப்போய் எதிர்க்கடையில் லப்லாபி வாங்கிக் கொடுத்தான். காரமான அந்தக் கடலைச் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டாளே தவிர, ஒரு வாய் தின்றதாக அவளுக்கு நினைவில்லை.

திரும்பி வந்து தூளை மறுபடி ஊடுகதிரில் வைத்தார்கள். பழைய இடத்தில் முகடு இல்லை. இடப்பக்கம் தள்ளி, அதைவிட உயரமாகப் புதியதாக ஒன்று நின்றது. முகடு இடப்பக்கம் போனால் இடைவெளி கூடியிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. வில்லையையும் அதே மூடிக்குள் வைத்து அளந்தார்கள். திரையில் வீங்கிக் கிடந்த அரைவட்டம் சுருங்கிச் சுருங்கிக் கடுகாயிற்று. வெளியே எடுத்தால் பெரிதாகும், உள்ளே வைத்தால் சிறிதாகும்.

மஹ்ரெஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த விதைகள் தரையில் சிந்தியதை அவர் கவனிக்கவில்லை.

"இது நம்ம ரெண்டு பேரையுமே ஏமாத்தியிருக்கு மேடம்," என்றார். "உங்க ஊருல ஒரு பொருள், எங்க ஊருல ஒரு பொருள். ஒரே பேரை வெச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டோம்."

அன்று மாலை அவளை மெத்லாவியில் பெற்றோர் வீட்டில் இறக்கிவிட்டுக் கமைஸ் ஸ்ஃபாக்ஸ் போனான். நடந்ததை அப்பாவிடம் சொல்லாமல் வஸீலாவுக்குச் சோறு இறங்காது. லஸ்ஹருக்கோ கத்தினால்தான் கேட்கும். முற்றத்தில் உட்கார்ந்து அடுக்கு, சோடியம், அரைவட்டம் என்று அவள் தொண்டை வறளக் கத்தினாள். லஸ்ஹர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, ஆலையில் அதிகாரி பேசும்போது தலையாட்டுவதுபோல மரியாதையாக ஆட்டினார். கடைசியில் அந்தக் கல்லுக்குத் தாகம் எடுத்ததா என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனபோது, பாஸ்பேட்டுக்குள் கதவு இருக்கிறதாமே, பூட்டும் உண்டா என்று கடைக்காரர் கேட்டார். தெரு முழுவதும் கேட்டிருந்தது.

ஆனால் கதவு திறப்பதைக் கண்டது பாதிதான். திறந்தபின் உள்ளே சோடியம் எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டும். அதற்குத் தண்ணீர் குடித்த நிலையில் ஒரு முழுப் படிகம் வேண்டும். ஈரம் பட்டவுடன் படிகங்கள் ஊதிப் பிளந்து தூளாயின. ஒன்றிரண்டு அல்ல, வளர்த்த படிகமெல்லாம் போயிற்று. சி ஸுஹைர் முதலில் தயங்கினார். மஹ்தியாவில் சொன்ன எண்ணுக்குக் காரணம் தண்ணீர் என்று நாமே எழுதினால் சிரிப்பார்களே என்றார். ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள், இனிமேல் படிக்கட்டும் என்றாள் வஸீலா. அவர் யோசித்துவிட்டு, அப்படியானால் முழுசாக எழுது, அரைகுறையாக எழுதாதே என்று சொல்லி, ஊடுகதிர்க் கருவியில் தனக்கு ஒதுக்கிய நேரத்தையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தார்.

ஈரத்தை ஒரேயடியாகக் காட்டாமல் சிறுகச் சிறுகக் காட்டலாம் என்ற யோசனை இக்பாலுடையது. ஒவ்வோர் உப்புக்கரைசலும் தன் மேலிருக்கும் காற்றில் ஓர் அளவுக்கு ஈரத்தை நிறுத்தி வைக்கும். வறண்ட காற்றைத் தரும் கரைசலில் தொடங்கி, ஜாடி ஜாடியாகப் படிகங்களை மாற்றிக்கொண்டே போனார்கள். ஜாடியை வஸீலா திறந்துவிடாமல் காவல் காப்பதும் இக்பாலின் வேலையாயிற்று. "உனக்குக் கொழந்தை பொறந்திருந்தா பத்து மாசம் எப்படிப் பொறுத்திருப்பே?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

"அதைத் தெறந்து பாக்க முடியாதே," என்றாள் வஸீலா.

குளிர்காலம் முடியும்போது ஒரே ஒரு படிகம் பிளக்காமல் பிழைத்தது. மயிரிழைபோன்ற கண்ணாடிக் குழாய்க்குள் அதை ஈரத்தோடு அடைத்து ஊடுகதிரில் வைத்தார்கள். கணக்குப் போட்டு முடித்ததும் திரையில் அணுக்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அடுக்குகள் அதே அடுக்குகள்தான். ஆனால் நெருக்கடிக்குள் முடங்கிக் கிடந்த சோடியம் பழைய இடத்தில் இல்லை. விலகிய அடுக்குகளுக்கு நட்டநடுவில், தண்ணீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் சேர்த்துக்கொண்டு நின்றது. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே என்று மங்கலாகப் பரவியிருந்தது. ஒரு படிகத்தின் உள்ளமைப்பில் அணு அப்படி மங்கித் தெரிந்தால், அது ஓர் இடத்தில் நிலையாக இல்லை என்று அர்த்தம்.

வஸீலா மாடிப்படியில் இறங்கிக்கொண்டே கஃப்ஸாவுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"சி மஹ்ரெஸ், உங்க சோடியம் வெளிய வந்துடுச்சு."

மஹ்ரெஸ் படத்தை உடனே அனுப்பச் சொன்னார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. உலர்ந்த படிகம், ஈரமான படிகம் என்று இரண்டு அமைப்பும், இரண்டு எண்ணும், நடுவில் நடந்த தவறும் அதில் ஒளிவுமறைவில்லாமல் இருந்தன. அடுத்த இலையுதிர் காலத்தில் ஸ்ஃபாக்ஸில் அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. லஸ்ஹர் முன்வரிசையில் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா மக்ரூத் இனிப்பை அரங்கத்துக்கே போதுமான அளவுக்குச் செய்து வந்திருந்தாள். தேர்வர்களில் ஒருவராக மஹ்ரெஸும் இருந்தார். எல்லோரும் பாராட்டி முடித்தபின் அவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஈரமான வில்லையில ஓடுறது சோடியம்னு சொல்றீங்க. தண்ணியிலிருந்து பிரிஞ்ச ஹைட்ரஜன் ஓடலைன்னு எப்படிச் சொல்வீங்க?"

சி ஸுஹைர் நெற்றியைத் தடவினார்.

"தெரியாது," என்றாள் வஸீலா. சொல்லும்போதே அவளுடைய கைகள் எழுந்துவிட்டன. சாதாரணத் தண்ணீருக்குப் பதிலாகக் கன நீரைக் குடிக்க வைத்தால் என்ன? அதில் இருக்கும் ஹைட்ரஜன் இரண்டு மடங்கு கனம். ஓடுவது ஹைட்ரஜன் என்றால் ஓட்டம் மந்தப்படும், சோடியம் என்றால் அவ்வளவாக மாறாது. இதைத் தேர்வர்களிடம் பதிலாகச் சொல்கிறோமா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. மஹ்ரெஸ் மேசையில் முன்னுக்குச் சாய்ந்து, எந்த வெப்பத்தில், எத்தனை சுற்று என்று கேட்கத் தொடங்கினார். தேர்வுக் குழுத் தலைவர் இருமுறை இருமினார். கடைசியில் பட்டம் கொடுக்க அனுமதி உண்டா என்று அவர்கள் இருவரையும்தான் கேட்கவேண்டியதாயிற்று.

கன நீர்ச் சோதனையை அடுத்த வசந்தத்தில் செய்தார்கள். ஓட்டம் கொஞ்சம் மந்தப்பட்டது, நிறைய மந்தப்படவில்லை. ஓடுவதில் பெரும்பங்கு சோடியம், ஹைட்ரஜனுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆக, மஹ்ரெஸ் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருந்தது. வஸீலா இப்போதும் பள்ளிக்கூட ஆசிரியைதான், சனிக்கிழமைகளில் ஆய்வகம். சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளியை வைத்துப் பார்க்கிறாள். கஃப்ஸாவில் மஹ்ரெஸ் பொட்டாசியத்தை வைத்துப் பார்க்கிறார். யாருடையது அதிகம் ஓடும் என்று இருவருக்கும் போட்டி. சென்ற வாரம்தான் அவருடைய முதல் அளவு வந்தது. அதை வஸீலா இன்னும் நம்பவில்லை.